காற்றுண்ணியின் மூலை

ஒரு காட்டில் முயல் ஒன்று தனியாக வாழ்ந்தது. தனியாக என்று அதுதான் நினைத்துக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருங்கூட்டமாகக் குடியிருந்தன.

அவற்றில் நாரறுப்பான்களே அதிகம். முயல் தின்ற புல்லை அறுத்துச் சத்தாக்குவது அவற்றின் வேலை. அறுக்க அறுக்கக் காற்று கிளம்பும். அந்தக் காற்றைத் தின்று வாழ்ந்தது ஒரு காற்றுண்ணி. அதற்கு அங்கே சொந்த இனம் என்று யாரும் இல்லை. மூலையில் கிடக்கும்; யாரும் அதனோடு பேசுவதில்லை.

பனிக்காலம் நெருங்கியது. அதற்குள் உடம்பில் கொழுப்புச் சேராவிட்டால் முயல் குளிரில் செத்துப்போகும்.

"நாங்கள் இடுப்பொடிய உழைக்கிறோம். நீ ஓசியில் தின்கிறாய்!" என்றது மூத்த நாரறுப்பான்.

"நீங்கள் விடும் காற்றைத்தானே தின்கிறேன்?" என்றது காற்றுண்ணி.

"அதைத் தின்ன ஓர் ஆள் வேண்டுமா? வெளியே போ!"

விடியற்காலையில் முயல் போட்ட மெத்தென்ற புழுக்கையோடு காற்றுண்ணி வெளியேறியது. அந்தப் புழுக்கையை முயல்கள் உடனே தின்றுவிடும். முகத்தைச் சுளிக்காதீர்கள், அது முயல்களின் வழக்கம். அன்று பார்த்து நரி வந்தது. முயல் தின்னாமலே ஓடிவிட்டது.

புழுக்கை புல்லில் கிடந்தது. வெளியே எவ்வளவு காற்று! ஆனால் அது வயிற்றுக்குள் கிளம்பும் காற்று அல்ல; பட்டால் காற்றுண்ணிக்குச் சாவு. புழுக்கையின் மேல்பசை காயும்வரைதான் உயிர்.

"திட்டினாலும் அங்கே யாராவது இருந்தார்கள்," என்று அது அழுதது.

முயலின் வயிற்றிலோ காற்று தேங்கியது. நாரறுப்பான்களுக்குக் கை ஓடவில்லை. வயிறு பானையாக உப்பியது. தின்ற புல் உடம்பில் ஒட்டவில்லை.

"எங்கே அந்த ஓசிக்காரன்?" என்று கத்தியது மூத்த நாரறுப்பான். மூலையில் பதில் சொல்ல யாரும் இல்லை.

மாலையில் முயல் தள்ளாடியபடி திரும்பி வந்தது. புல்லை முகர்ந்தது, பிடிக்கவில்லை. காலையில் விட்டுப்போன, இன்னும் பசை காயாத புழுக்கை மட்டும் மணத்தது. அதை விழுங்கியது.

உள்ளே வந்து விழுந்த காற்றுண்ணி யாரையும் பார்க்காமல் தன் மூலைக்குப் போய், தேங்கிய காற்றைத் தின்னத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் கை ஓடியது.

மூத்த நாரறுப்பான் மூலைக்கு வந்தது.

"காற்றுண்ணி," என்றது. அதுவரை யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்கே என் பக்கத்தில் உட்காரேன். பனி வருவதற்குள் நிறைய வேலை இருக்கிறது."

காற்றுண்ணிக்கு அழுகை வந்தது. வாய் நிறையக் காற்று இருந்ததால் அழ முடியவில்லை.

நீதி: ஒருவர் செய்யும் வேலை உன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அவரை வெளியே தள்ளாதே, உன் கை ஓடுவதே அவரால்தான் என்று இருக்கலாம்.