பொக்லைன் நின்ற இடம்

“இனிமே நான் கை தூக்க மாட்டேன் மேடம். ஆள விடுங்க.”

இதைச் சொன்ன கோமதிநாயகத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. கேட்டுக்கொண்டிருந்த எஸ்தருக்கு முப்பத்தேழு. ஆனாலும் மண்ணைப் பார்க்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் எஸ்தர்தான். சுற்றுச்சூழல் ஆலோசனை அலுவலகம் ஒன்றில் தொல்லியல் பிரிவு எஸ்தரின் பொறுப்பு.

மூன்று ஊர்களுக்குக் குடிநீர் கொண்டுபோகும் குழாய்க்காக, ஆற்றுக்கு வடக்கே பொட்டலில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காலத்து மண் அது. அதனால் அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. தோண்டும் நேரமெல்லாம் ஒருவர் பள்ளத்தோரம் நிற்க வேண்டும். வித்தியாசமாக எதைக் கண்டாலும் அவர் கையைத் தூக்குவார். பொக்லைன் நிற்கும். அவர் இறங்கிப் பார்ப்பார்.

அந்த ஒருவர்தான் கோமதிநாயகம்.

ஒன்பது நாளில் ஆறு தடவை தூக்கியிருந்தார். கரிந்த வேர். தேங்காய்ச் சிரட்டை. உடைந்த ஓடு, அதுவும் போன வருஷத்து ஓடு. ஒவ்வொன்றையும் யார் கண்ணிலும் படாமல் மண்குவியலில் எறிந்துவிட்டு மேலே ஏறி வருவார். மானம் கப்பலேறிவிட்டது. ஆட்கள் அவருக்குக் ‘கைதூக்கி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“இன்னும் சும்மா சும்மா நிறுத்தினா ஆள மாத்தச் சொல்லி எழுதிருவேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டாரு” என்றார். “தூக்குறதுக்கு முந்தியே உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி சொல்லுங்க மேடம்.”

“தூக்காம இருந்து, ஒரு தாழி நொறுங்கிப் போச்சுன்னா?”

“அந்தப் பயத்துலதான் சோறு எறங்க மாட்டேங்குது.”

“நாளைக்குக் காலைல வாரேன் அண்ணாச்சி.”

சொன்னபடி வந்தார். பள்ளத்தோரம் அவரே நின்றார். கால் மணி நேரம் கழித்துக் கையைத் தூக்கினார்.

பொக்லைன் ஓட்டும் இசக்கிப்பாண்டி முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான். எஸ்தர் இறங்கி, சின்னக் கரண்டியால் சுரண்டி, கிடைத்ததை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் போனார். உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“வேருதான் தம்பி. மேல கருப்பு, ஒடச்சா உள்ள வெள்ளை. பாருங்க.”

அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கி ஒடித்துப் பார்த்தான்.

அரை மணி கழித்து மறுபடியும் கை தூக்கினார்.

“கரையான் கட்டின மண்ணு. விரல்ல தேச்சா உதிருது. சுட்ட மண்ணு இப்படி உதிராது.”

அவன் தேய்த்துப் பார்த்தான்.

மூன்றாம் தடவை வெறும் கையோடு அவனிடம் போனார்.

“ஒண்ணும் இல்ல தம்பி. என் கண்ணு ஏமாந்துட்டு.”

ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். எஸ்தர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோமதிநாயகத்துக்குத்தான் தலை நிமிரவில்லை.

மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு எஸ்தர் கிளம்பினார்.

“மேடம், நான் கேட்டதுக்குப் பதில்…”

“காலைலேர்ந்து அதத்தான அண்ணாச்சி சொல்லிட்டிருந்தேன்” என்றபடி வண்டியில் ஏறிவிட்டார்.

கோமதிநாயகத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் மறுநாள் கை தானாகவே எழும்பியது. ஆட்டெலும்பு. எறியப்போனவர் நின்றார். பிறகு அதைக் கொண்டுபோய் இசக்கிப்பாண்டியிடம் காட்டினார். அவன் “ம்” என்றான்.

அதற்கடுத்த நாள் இரண்டு தடவை நிறுத்தினார். இரண்டையும் காட்டினார்.

எஸ்தர் வந்துபோன ஐந்தாம் நாள் கடிதம் வந்துவிட்டது. நாளை முதல் வேறு ஆள். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அதை ஜீப்பின் பானெட்டில் வைத்து, கையெழுத்துப் போடச் சொன்னார். தோண்டும்போது பள்ளத்துக்கு முதுகு காட்டக் கூடாதென்று கோமதிநாயகத்துக்குத் தெரியும். ஆனாலும் திரும்பிவிட்டார். கண் கலங்கியிருந்ததால் எங்கே கையெழுத்துப் போடுவதென்று தெரியவில்லை. தேடிக்கொண்டிருந்தார்.

சத்தம் நின்று போயிருந்தது அப்போதுதான் உறைத்தது.

திரும்பினார். பொக்லைனின் கை அந்தரத்தில் நின்றது. ஓட்டுகிறவன் இடம் காலியாக இருந்தது.

ஓடினார்.

பள்ளத்துக்குள் இசக்கிப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் செம்மண்ணில் ஒரு வட்டம். தாழியின் விளிம்பு, உடையாமல். சின்னத் தாழி. ஒரு குழந்தையை வைக்கும் அளவுதான் இருக்கும். பொக்லைனின் பல் பதிந்த தடம் அதற்கு ஒரு சாண் தள்ளி முடிந்திருந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். குரல் தாழ்ந்திருந்தது.

“கை தூக்கினேன் சார். நீங்க பாக்கல.”