யானை மேல் அகப்பட்ட ஆணை

அன்பர்களே, புதியது என்று ஒன்றைக் கேள்விப்பட்டதும், இது நம் வேலையோடு ஒத்துப்போகுமா என்று நீங்கள் ஒரு முறையேனும் நின்று யோசித்ததுண்டா? யோசிக்காத ஒரு மன்னனின் கதையைக் கேளுங்கள்.

மருதமங்கலத்தை விக்கிரமகேசரி ஆண்டான். பேரேரியின் மதகுகளை அரண்மனைக் கணினி ஒன்றே திறந்தது, மூடியது. அதன் மென்பொருள் பழைய இயங்குதளத்துக்கென்று எழுதப்பட்டது.

மழைக்காலத்தில் ஒரு காலை, அமைச்சர் திருமலைக்கொழுந்து அவையில் எழுந்தார்.

"மன்னா, அண்டை நாட்டார் புதிய இயங்குதளத்துக்கு மாறிவிட்டனர். நாம் இன்னும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்."

மன்னனுக்கு ரோஷம் பொங்கியது. "இன்று மாலைக்குள் எல்லாம் புதியதாகட்டும். பழையது எதுவும் அரண்மனை மதிலுக்குள் இருக்கக் கூடாது!"

மதிநுட்பத்துக்குப் பெயர்பெற்ற அம்பலவாணர் குறுக்கிட்டார். "மன்னா, மதகு மென்பொருள் புதியதில் ஓடுமா என்று எவரும் சோதிக்கவில்லை. ஏரியோ நிரம்பிக்கொண்டிருக்கிறது. மதகு திறக்காவிட்டால் கரை உடையும். கீழூர் மூழ்கும்."

"ஓடாமல் என்ன? புதியதாயிற்றே!" என்றார் அமைச்சர்.

"ஆணை ஆணைதான்," என்றான் மன்னன்.

"ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்றுகிறேன்," என்று வணங்கி வெளியேறினார் அம்பலவாணர்.

பிற்பகலில் மன்னன் மேடையிலிருந்து பட்டத்து யானை மீதேறி நகர்வலம் புறப்பட்டான். யானை நகரத்துக்குப் போகவில்லை. அரண்மனைத் தோட்டத்துக்குள் புகுந்து வாழைகளை முறித்துத் தின்றது. பாகன், "நில்! திரும்பு! மண்டியிடு!" என்று தெளிவான தமிழில் கூவினான். யானை காதை ஆட்டியது. மழை பிடித்துக்கொண்டது.

"யார் இந்தப் பாகன்?" என்று மேலிருந்து கத்தினான் மன்னன்.

"புதியவர், மன்னா," என்றார் கீழே நின்ற அம்பலவாணர். "பழைய பாகன் குஞ்ஞப்பனை மதிலுக்கு வெளியே அனுப்பிவிட்டேன். ஆணைப்படி."

"இவனுக்கு யானை பழக்கத் தெரியாதா?"

"மிகத் தேர்ந்தவர். ஆனால் நம் யானை மலைநாட்டில் வளர்ந்தது. மலையாளச் சொல்லுக்குத்தான் பணியும்."

"அப்படியானால் குறை யானையிடமா?"

"அதனிடமும் இல்லை. இருவரும் பழகுமுன் தாங்கள் ஏறியதுதான் குறை."

அமைச்சர் குடையை விரித்து, தமக்கே பிடித்துக்கொண்டார்.

"குஞ்ஞப்பனைக் கூப்பிடுமய்யா!"

"வாசலில்தான் நிற்கிறார். பழையது உள்ளே வரக் கூடாதென்பது ஆணையாயிற்றே."

மன்னன் நனைந்த மீசையைத் துடைத்தான். "ஆணையை ரத்து செய்தேன்!"

"மதகுக் கணினிக்கும் சேர்த்தா, மன்னா? அல்லது யானைக்கு மட்டுமா?"

யானை முதுகே குலுங்கும்படி சிரித்தான் மன்னன். "இரண்டுக்கும்தான்! முதலில் என்னை இறக்கும்!"

குஞ்ஞப்பன் ஒரு சொல் சொன்னார். யானை மண்டியிட்டது. அன்றிரவு, இன்னும் மாற்றப்படாத பழைய கணினியே மதகுகளைத் திறந்தது. கீழூர் நனைந்ததோடு தப்பியது. அம்பலவாணருக்கு முத்துமாலை கிடைத்தது.

அதற்காகப் பழையதே போதும் என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. பழைய இயங்குதளத்தின் ஓட்டைகளை அடைப்பார் இல்லை, இணையவழித் திருடர் நுழைவர். ஆகவே மதகுக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்தார். தனிக் கணினியொன்றில் புதியதை நிறுவிச் சோதித்தார். மதகு அசையவில்லை. மென்பொருளைத் திருத்தி எழுதச் செய்து, மதகு திறந்ததைக் கண்ணால் கண்ட பிறகே மாற்றினார்.

அன்பர்களே, உங்கள் கணினியும் மாறச் சொல்லி நச்சரிக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தாதீர்கள். அஞ்சி ஒதுங்கவும் செய்யாதீர்கள். உங்கள் மென்பொருளும் அச்சுப்பொறியும் புதியதில் இயங்குமா என்று இன்றே விசாரியுங்கள். கோப்புகளை இன்றே பிரதி எடுங்கள். நாளைக்கென்று தள்ளாதீர்கள், இப்போதே எழுந்து செய்யுங்கள்!