உடைந்த கரைக்கு ஒரு கை

மருதங்குடியில் புதிய ஏரிக்கு மதகு கட்டிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன் வேலை முடியவேண்டும், தாமதம் எவனால் நேர்கிறதோ அவன் வலக்கை வெட்டப்படும் என்பது மன்னன் கோவேளின் ஆணை. மலையிலிருந்து கல் கொண்டுவருவது கொற்றன் பொறுப்பு. மதகுக் கதவு செய்வது தச்சன் சேந்தன் பொறுப்பு. கல்தூண்கள் நின்றால்தான் கதவை மாட்ட முடியும்.

ஆவணியில் மன்னன் மகளுக்குத் திருமணம். ஊர்வலத்துக்காகக் கொற்றனின் வண்டிமாடுகள் அத்தனையையும் மன்னன் சொற்படி அவன் ஆட்கள் ஓட்டிச் சென்றார்கள். கொற்றன் அமைச்சர் நன்னனாரிடம் ஓடினான்.

"மாடில்லாமல் கல் எப்படி வரும் ஐயா?"

"கல்யாண வேளையில் இதை மன்னர் காதில் போட முடியாது. பொறு."

மாடுகள் திரும்பியபோது பாதி நொண்டின.

கல் வரவில்லை என்று கண்ட சேந்தன் கதவை அவசரப்படுத்தவில்லை. "தூணே நிற்கவில்லை. மரம் இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்று மனைவியிடம் சொன்னான்.

மழை வந்தபோது தூண்கள் பாதியில் நின்றன. கதவில் பலகைகள் குறைந்திருந்தன. மதகு வாய் வழியே வெள்ளம் கரையை அறுத்துக்கொண்டு போனது. கரையை ஒட்டியிருந்த கீழத்தெருவில் உயிரோடு மிஞ்சியவர்கள் சிலரே. சேந்தனின் மகள் நங்கையை வேலமுள்ளில் சிக்கிய பிணமாக எடுத்தார்கள். அவளைப் புதைத்த மண் காயும் முன்பே விசாரணை தொடங்கியது.

மன்னன் முன் நின்ற கொற்றனுக்கு மாடுகளைப் பற்றிப் பேச நா எழவில்லை. "கல் வந்திருந்தாலும் கதவு ஆகியிருக்காது அரசே" என்றான்.

"கல் வராததால்தான் நிதானமாகச் செய்தேன்" என்றான் சேந்தன்.

"நிதானம் என்று இவனே ஒப்புக்கொள்கிறான்" என்றான் மன்னன்.

நன்னனார் வாய் திறக்கவில்லை. அங்கேயே, மனைவி பார்த்திருக்க, சேந்தனின் வலக்கையை வெட்டினார்கள்.

கேட்பவர்களே, அந்த ஆணைப்படி யாருடைய கை போயிருக்க வேண்டும்?

கதவு முன்பே முடிந்திருந்தாலும், மாட்டத் தூணின்றிச் சும்மா சாய்ந்துதான் கிடந்திருக்கும். சேந்தனின் நிதானத்தால் வேலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. கொற்றன் பழியைத் திருப்பிவிட்டது கயமை, நன்னனார் வாய்மூடி நின்றது கோழைத்தனம். ஆனால் கல்லை நிறுத்தியவர்கள் அவர்களல்லர். மாடுகளை ஓட்டச் சொன்னவன் மன்னன். போயிருக்க வேண்டியது அவன் கை. மறுவருடம் சேந்தன் இடக்கையால் கதவை முடித்துக் கொடுத்தான். மன்னன் வலக்கையால் அதைத் திறந்துவைத்தான்.