செவலையின் கண்ணும் பாவாயியின் முள்வாங்கியும்

ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராசாவும் அந்தக் கரையில் ஒரு சந்தையும் இருந்த காலத்தில், மிளகு வணிகன் ஒருவன் இருந்தான். நல்லதம்பி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்! கதையைக் கேட்டுவிட்டு, உங்களுக்கும் வயிறு எரிகிறதா இல்லையா என்று சொல்லுங்கள்.

அவன் மிளகு மூட்டைகளுக்கு ஒரு செவலை நாய் காவல். திருடன் வந்தால் குரைக்கும், நரி வந்தால் விரட்டும், எசமான் தூங்கினால் தான் தூங்காமல் கிடக்கும். அப்படிப்பட்ட நாய்க்குக் கண்ணில் நோவு வந்தது. சீழ் வழிந்தது. ஒரு கண் வெளுத்துப்போனது, மற்றதும் வீங்கி மூடிக்கொண்டது. நல்லதம்பி என்ன செய்தான் தெரியுமா? ஆற்றங்கரைப் புங்கமரத்தில் அதைக் கட்டிப்போட்டுவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பாவி!

அந்தத் துறையில் பரிசல் ஓட்டுகிறவள் பாவாயி. குடிசையில் ஒண்டிக்கட்டை. அவள்தான் நாயை அவிழ்த்துக் கூட்டிவந்தாள். "இதுக்குரிய ஆள் தேடி வர்ற வரைக்கும் என்கிட்ட இருக்கட்டும்" என்று ஊராரிடம் சொன்னாள்.

மாட்டு வைத்தியர் வந்து இமையைப் புரட்டிப் பார்த்தார்.

"இமைமயிர் உள்பக்கமா முளைச்சுக் கண்ணைக் குத்துது, பாவாயி. வெளுத்த கண் போனது போனதுதான். இன்னொண்ணைக் காப்பாத்தணும்னா ஒவ்வொண்ணாப் பிடுங்கணும். பிடுங்கினா மறுபடி முளைக்கும். உன்னால ஆகாது, விட்டுத்தள்ளு."

பாவாயி விடவில்லை. காலில் தைத்த முள்ளை எடுக்க இடுப்பில் தொங்கவிட்டிருந்த முள்வாங்கியை எடுத்தாள். நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பிடுங்கினாள், நாய் கடித்தது. பிடுங்கினாள், உறுமியது. பிடுங்கினாள்; சும்மா கிடந்தது. முளைக்க முளைக்கப் பிடுங்கி, நந்தியாவட்டைப் பூ ஊறிய தண்ணீரால் கழுவிவிட்டாள். "நாய்க்குப் போய் இந்தப் பாடா?" என்று ஊரே சிரித்தது. சிரித்த வாயில் மண் விழ! ஒற்றைக் கண் நன்றாகத் திறந்துகொண்டது.

அடுத்த அறுவடைக் காலத்தில் நல்லதம்பி அந்த வழியாக வந்தான். காவல் இல்லாமல் அவன் மூட்டைகள் களவு போயிருந்தன. நாயைப் பார்த்தான், திறந்த கண்ணைப் பார்த்தான். "என் நாய்!" என்றான். பாவாயி கயிற்றைக் கொடுக்கவில்லை. வழக்கு ராசாவிடம் போனது.

"அரசே, குட்டியாக எடுத்து வளர்த்தவன் நான். காணாமல் போனபோது சோறு தண்ணி இல்லாமல் தேடினவன் நான். ஆள் வரும்வரை என்று சொன்னவள் இவள். இதோ, ஆள் வந்துவிட்டேன்!"

சபை தலையாட்டியது. அதோடு போயிற்றா? அந்தச் செவலையும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் அவன் காலை நக்கியது! "பாருங்கள், நாய்க்கே தெரிகிறது" என்றார்கள்.

பாவாயி முன்னால் வந்தாள். "மரத்துல கட்டிக் கிடந்துச்சே, ராசா! காணாமப் போன நாய் தன்னைத்தானே கட்டிக்குமா?"

"எவனாவது திருடிக் கொண்டுபோய்க் கட்டியிருப்பான்" என்றான் அவன், கூச்சமே இல்லாமல்.

"அது நாய், ராசா. அதுக்கு வஞ்சம் வைக்கத் தெரியாது. அதைச் சாட்சிக்கு இழுக்காதீங்க. நான் சொன்ன சொல்லை மாத்தலை, கொண்டுபோகட்டும். ஆனா மயிர் மறுபடி முளைச்சிருக்கு. விட்டா இருக்கிற கண்ணும் போயிடும். என் முன்னால இவரு ஒரு தரம் பிடுங்கட்டும். நான் போயிடறேன்."

முள்வாங்கியை நீட்டினாள்.

"நியாயம்தான். பிடுங்கு" என்றார் ராசா.

நல்லதம்பி தன் பட்டு வேட்டியைப் பார்த்தான், பீளை ஒட்டிய கண்ணைப் பார்த்தான், வேலைக்காரனைக் கூப்பிட்டான்.

"உன்னைத்தான் சொன்னேன்" என்றார் ராசா.

வேண்டாவெறுப்பாகக் கையை நீட்டினான். பீளை விரலில் பட்டதுதான் தாமதம், "சீச்சீ!" என்று உதறினான். "நாய்ப்பீளை துடைக்கவா நான் பிறந்தேன்? இந்தச் சீக்கு வேண்டாமென்றுதானே அன்றைக்கே மரத்தில் கட்டிவிட்டு வந்தேன்!"

சொல்லிவிட்டுத்தான் வாயைப் பொத்தினான்.

ராசா எழுந்து நின்றுவிட்டார். "தேடினேன் என்றாயே, அடப்பாவி! உன் மூட்டையைக் காத்த கண்ணடா அது! நாய் பாவாயிக்கே. அவள் கழுவி முடிக்கிறவரை தண்ணீர்க் கிண்ணத்தை நீ ஏந்திக்கொண்டு இரு."

பாவாயி சபை நடுவே உட்கார்ந்தாள். அவள் கூப்பிடவில்லை, செவலை தானாக வந்து மடியில் தலையை வைத்துக்கொண்டது. அவள் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நல்லதம்பி பட்டு வேட்டியோடு மண்டியிட்டு, பீளை மிதக்கும் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். தலையாட்டிய சபை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது. நன்றாக உட்காரட்டும்!

கேட்டீர்களா? நலமாக இருக்கும்போது "என்னுடையது" என்று கயிற்றைப் பிடிப்பவனுக்கு அல்ல, நோயில் கிடக்கும்போது மடியில் ஏந்தியவருக்கே ஓர் உயிர் சொந்தம்.