நெட்டூரணியில் இறங்கிய ஆளில்லா விமானம்

நெட்டூரணிக்காரர்களை யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொன்னதைச் செய்வார்கள். சொன்னபடியே செய்வார்கள். குடிநீர்த் தொட்டியின் மேல் 'எப்போதும் மூடி வைக்கவும்' என்று பஞ்சாயத்தில் எழுதிப் போட்ட நாளிலிருந்து அந்தத் தொட்டித் தண்ணீரை அங்கே ஒருவரும் குடித்ததில்லை. திறந்தால்தானே குடிக்க முடியும்? இவ்வளவு ஒழுங்கான குடிமக்கள் வாழும் ஊருக்கு ஒரு விமானம் வந்து சேர்ந்ததை நான் உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த வருஷம் ஊரெல்லாம் மக்காச்சோளம். சோளமெல்லாம் படைப்புழு. குருத்துக்குள் புகுந்துகொண்டு, வாடகை தராத குடித்தனக்காரன் போல உள்ளேயே தின்று உள்ளேயே தூங்குகிற புழு. அதிலும் மோசமாக அடிபட்டது வெள்ளைத்தாயின் காடு. குத்தகைக்கு எடுத்த நிலம். இந்தச் சோளம் போனால் வீட்டைப் பூட்டிவிட்டுப் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போக வேண்டியதுதான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். ஊர்க்காரர்களுக்கும் மனசு கேட்கவில்லை. அதனால் உடனடியாகக் கூட்டம் போட்டார்கள்.

டவுனில் இருந்த ஒரு கம்பெனி, மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானம் ஒன்றை உழவர் சங்கத்துக்குக் கொடுக்க முன்வந்திருந்தது. வாங்கலாமா, இல்லை விமானி உட்கார்ந்து ஓட்டுகிற பழைய மாதிரி விமானமாகக் கேட்கலாமா என்பதுதான் அன்றைய விவாதம்.

"ரெண்டையும் சீர்தூக்கிப் பாக்கணும்" என்றார் சங்கத் தலைவர் கோட்டைச்சாமி. அவர் எதையும் சீர்தூக்கித்தான் பார்ப்பார். தூக்கியதை இறக்கி வைத்து யாரும் பார்த்ததில்லை.

செயலாளர் மூக்கையா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். சட்டைப்பையில் இன்னும் விசில் உண்டு. "தலைவரே, ஆயுசு பூரா பஸ்ஸுல நின்னவன் சொல்றேன். டிரைவர்னு ஒருத்தர் இருந்தாலே இம்சை. நட்ட நடு வழியில டீ கேப்பாரு. மச்சினனுக்குக் கல்யாணம்னு லீவு போடுவாரு. ஆளில்லாத விமானத்துக்கு மச்சினன் கிடையாது பாருங்க."

இந்த வாதத்தின் ஆழம் எல்லோரையும் அசைத்துவிட்டது. ஆனால் ஒச்சப்பன் எழுந்தான். நல்ல உயரம், நல்ல பலம், மற்றபடி நெட்டூரணிக்காரன்.

"எல்லாம் சரிண்ணே. ஏதாவது தப்பு நடந்தா யாரைத் திட்டுறது? ஆளுள்ள விமானம்னா ஓட்டுனவரைத் திட்டலாம். இதுல யாருமே இல்லையே?"

திட்டுவதற்கு ஒருவர் இல்லாமல் அந்த ஊரில் எந்தப் பொதுக்காரியமும் தொடங்கியது கிடையாது. நெடுநேர யோசனைக்குப் பிறகு, விமானத்தின் சார்பில் திட்டு வாங்கும் பொறுப்பு ஒச்சப்பனுக்கே வழங்கப்பட்டது. அவனும் எழுந்து கும்பிட்டு ஏற்றுக்கொண்டான்.

விமானம் வரப்போகிற ஊரில் முதுகில் மாட்டும் கைத்தெளிப்பான்கள் எதற்கு? எல்லாவற்றையும் அன்றைக்கே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினார்கள். வெள்ளைத்தாய் தன்னுடையதைக் கொடுக்க மாட்டேன் என்று பிடித்துக்கொண்டாள்.

"குடு ஆத்தா, குடு. விமானம் வச்சிருக்கிற ஊருல முதுகுல டப்பாவை மாட்டிட்டுத் திரிஞ்சா பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்று கோட்டைச்சாமி பிடுங்கிக்கொண்டார்.

இப்படியாக, புழுவுக்கும் வெள்ளைத்தாயின் சோளத்துக்கும் நடுவே விமானத்தைத் தவிர வேறெதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

விமானம் வேனில் வந்தது. பறந்து வரும் என்று வானத்தைப் பார்த்து நின்றவர்களுக்குக் கழுத்து வலி மட்டும் மிச்சம். நாலு கால், சுற்றிலும் றெக்கைகள், வயிற்றில் ஒரு மருந்துத் தொட்டி. எந்தப் புது வண்டியையும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கித்தான் நெட்டூரணியில் எடுப்பார்கள். இதற்கோ சக்கரமே இல்லை. கடைசியில், விமானத்தின் நாலு காலுக்கும் பதிலாகக் கோட்டைச்சாமியே ஏறி நின்று பழங்களை மிதித்தார். பழம் வழுக்கிவிட்டது. விழுந்தவரைத் தூக்கிவிட்டுவிட்டு, கடமை தவறாமல் ஒச்சப்பனைத் திட்டினார்கள்.

கம்பெனியிலிருந்து தினகரன் என்ற இளைஞர் பயிற்சி கொடுக்க வந்திருந்தார். பொட்டலில் வைத்து ஒருமுறை அழகாகப் பறக்கவிட்டுக் காட்டினார். பிறகு ரிமோட்டைக் கொடுத்துவிட்டு அறிவுரைகளையும் கொடுத்தார்.

"முக்கியமா ரெண்டு விஷயம்ணே. பறக்கும்போது அதுக்குக் கீழே யாரும் நிக்கக் கூடாது. அப்புறம், காத்து அடிச்சா தயவுசெஞ்சு கிளப்பவே கிளப்பாதீங்க. முதல் தடவை வேப்பெண்ணெய்க் கரைசல் மட்டும் ஊத்துங்க. புரிஞ்சுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதில் நெட்டூரணிக்கு இணையே கிடையாது. தினகரன் நிம்மதியாகக் கிளம்பிப் போனார், பாவம்.

மறுநாள் காலை வெள்ளைத்தாயின் காட்டில் ஊரே கூடியது. மூக்கையா தன் துண்டை ஒரு குச்சியில் கட்டித் தூக்கிப் பிடித்தார். துண்டு அசையவில்லை. காற்று இல்லை. ரெண்டு விசில் கொடுத்தார். கோட்டைச்சாமி ரிமோட்டில் பொத்தானை அமுக்கினார். றெக்கைகள் சுழன்றன. துண்டு படபடவென்று அடித்துக்கொண்டது.

"காத்து! காத்து! நிறுத்துங்க!" என்று ஒற்றை விசில் கொடுத்தார் மூக்கையா.

நிறுத்தினார்கள். காற்று நின்றுவிட்டது. கொஞ்சம் காத்திருந்துவிட்டு மறுபடி கிளப்பினார்கள். மறுபடி காற்று. நிறுத்தினால் அடங்குகிறது, கிளப்பினால் வருகிறது. வெயில் உச்சிக்கு வரும்வரை இதையே செய்தார்கள். விசில் ஊதி ஊதி மூக்கையாவின் உதடு வீங்கிவிட்டது.

"இந்தக் காத்துக்கு நம்ம மேல என்னமோ கோவம்" என்றார் கோட்டைச்சாமி. "நாம கிளப்புறதுக்காகவே காத்துக்கிட்டு இருக்கு."

"நேத்து அந்தத் தம்பி கிளப்பினப்பவும் அடிச்சுச்சேண்ணே?" என்றாள் வெள்ளைத்தாய்.

"அடிச்சுச்சு. தான் சொன்னதைத் தானே மீறிட்டாரு. இளவயசு. நாம அப்படி இருக்க முடியுமா?"

வெள்ளைத்தாய் ஒரு சோளக் குருத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே இரண்டு புழு, நன்றாகச் சாப்பிட்ட களைப்பில் சுருண்டு கிடந்தன. "நீங்க காத்தைப் பாத்துக்கிட்டு இருங்க. இதுக என் பொழப்பைத் தின்னு முடிச்சுரும்" என்று சொன்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் மிகவும் வருந்தி, ஒச்சப்பனை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே திட்டினார்கள்.

காற்றே புக முடியாத இடத்தில் கிளப்பிப் பழக்கிவிட்டால் அப்புறம் வெளியிலும் கிளம்பும் என்று மூக்கையா ஒரு வழி சொன்னார். விமானத்தைச் சமுதாயக் கூடத்துக்குள் கொண்டுபோய், கதவு ஜன்னலையெல்லாம் சாத்தி, சாவித் துவாரத்தில் துணியைத் திணித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினார்கள். அடுத்த நிமிஷம் கூடத்தின் அத்தனை வருஷத்துத் தூசியும் எழுந்தது. போன முகூர்த்தத்துக் காகிதத் தோரணங்கள் எழுந்தன. தலைவரின் வேட்டியும் எழுந்தது. அன்று நெட்டூரணியில் பறந்தது அது ஒன்றுதான். விமானம் தரையைவிட்டுக் கிளம்புவதற்குள் மூக்கையா ஒற்றை விசிலை ஊதிவிட்டார்.

கண்ணைக் கசக்கிக்கொண்டே ஒச்சப்பன் சொன்னான்: "அண்ணே, எனக்கு ஒண்ணு தோணுது. இந்த றெக்கைகதான் காத்தைக் கூப்பிடுது."

திட்டு வாங்க நியமிக்கப்பட்டவன் இப்படியொரு கண்டுபிடிப்பைச் செய்வான் என்று யார் எதிர்பார்த்தார்கள்? சோதித்துப் பார்த்தார்கள். றெக்கைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கியபோது காற்று இம்மியும் வரவில்லை. மூக்கையாவின் துண்டு நனைத்துப் போட்டதுபோலத் தொங்கியது. கூடமே கைதட்டியது. காற்று மறுபடி தேடி வந்துவிடக் கூடாதே என்று றெக்கைகளைக் கொண்டுபோய்ப் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டுக் கை கழுவினார்கள்.

"இனிமே ஒரு பயமும் இல்ல. தாராளமாக் கிளப்பலாம்" என்றார் கோட்டைச்சாமி.

காட்டுக்குக் கொண்டுவந்து ரெண்டு விசில் கொடுத்தார்கள். விமானம் கிளம்பவில்லை. மறுபடியும் விசில் கொடுத்தார்கள். அப்போதும் அது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

"இதுக்குத்தான் ஆளுள்ள விமானமே நல்லதுங்கிறது" என்று ஒருவர் முனகினார். "விமானி இருந்தா எறங்கிப் பாத்திருப்பாரு."

மூக்கையா மட்டும் கலங்கவில்லை. "பஸ்ஸு கிளம்பலைன்னா என்ன செய்வோம்? எல்லாரும் எறங்கித் தள்ளுவோம். விமானம் மேல போற வண்டி. அதனால தள்ளக் கூடாது. தூக்கணும்."

இவ்வளவு எளிமையான விஷயம் இத்தனை நேரம் எப்படித் தோன்றாமல் போனது என்று எல்லோரும் வெட்கப்பட்டார்கள். இரண்டு மூங்கில் கழிகளைக் குறுக்கே கட்டி, நாலு பேர் தோள் கொடுத்துச் சப்பரம் மாதிரி விமானத்தைத் தூக்கினார்கள். ஒச்சப்பன் முன்னால். அப்போது கோட்டைச்சாமிக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நில்லுங்கப்பா. கீழே யாரும் நிக்கக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்காரே? நீங்க நாலு பேரும் கீழதானே நிக்கிறீங்க?"

விமானத்தை இறக்கி வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து பேசினார்கள். சட்டத்தை மீறுவதா, சோளத்தை விடுவதா? வெள்ளைத்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் ஒச்சப்பன்தான் சிக்கலை அவிழ்த்தான்.

"நிக்கக் கூடாதுன்னுதானேண்ணே சொன்னாரு? நிக்காம ஓடுவோம்."

தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூக்கையா முன்னால் விசில் ஊதிக்கொண்டு ஓடினார். வெள்ளைத்தாய் ரிமோட்டைப் பிடுங்கி மருந்துப் பொத்தானை அமுக்கினாள். ஆச்சரியம், அது வேலை செய்தது. வேப்பெண்ணெய் தூறலாகக் கொட்டியது. பாதி சோளத்தின் மேலும், பாதி தூக்கியவர்கள் மேலும் விழுந்தது. கண்ணில் எண்ணெய் இறங்க, எங்கே போகிறோம் என்று தெரியாமலே நாலு பேரும் காட்டைக் குறுக்கும் நெடுக்குமாக உழுதார்கள். மருந்து பட்ட இடத்தில் புழு செத்தது. கால் பட்ட இடத்தில் சோளம் செத்தது.

"ஐயோ, புழு தின்னது போக மிச்சத்தை விமானம் மிதிக்குதே!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினாள் வெள்ளைத்தாய். "நிறுத்துங்க! நில்லுங்க!"

"நிக்கக் கூடாதுத்தா!" என்று கத்திக்கொண்டே அவர்கள் ஓடினார்கள்.

வரப்பு தடுக்கி ஒச்சப்பன் விழுந்த பிறகுதான் விமானம் தரையிறங்கியது. அதற்குள் காட்டில் கால்பங்கு படுத்துவிட்டது. வெள்ளைத்தாய் நேரே விமானத்திடம் போனாள். விமானத்தின் வயிற்றிலிருந்த தொட்டியையும், மோட்டாரையும், பேட்டரியையும் குழாயோடு சேர்த்துக் கழற்றினாள். முந்தானையைக் கிழித்து அதையெல்லாம் முதுகில் கட்டிக்கொண்டாள். மிச்சமிருந்த முக்கால் பங்கில் இறங்கி, சால் சாலாக நடந்து, குருத்து குருத்தாக மருந்து அடிக்க ஆரம்பித்தாள். புழுக்கள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. இனி திருப்பூருக்குப் போக வேண்டியதில்லை என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

ஆனால் மருந்து அடிப்பது விமானத்தின் வேலையல்லவா? விமானம் இல்லாமல் அவள் மட்டும் அடித்தால் அது விமானத் தெளிப்பு ஆகுமா என்று மூக்கையா கேட்டார். ஆகாது என்று ஏகமனதாக முடிவானது. எனவே காலியான விமானத்தை மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டு, நாலு பேரும் வெள்ளைத்தாய்க்குப் பக்கத்தில் வரப்போடு வரப்பாக ஓடிக்கொண்டே இருந்தார்கள். மூக்கையா முன்னால் விசில் ஊதினார்.

விமானம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்த தினகரன் கண்ட காட்சி இதுதான். வண்டியைவிட்டு இறங்கியவர் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே… றெக்கை எங்கண்ணே?"

"அதுதான் தம்பி காத்தை வரவழைக்குது. கழட்டிட்டோம்."

"நான் சொன்னது வெளிக்காத்துண்ணே!"

"காத்துல ஏது தம்பி உள்காத்து, வெளிக்காத்து?" என்றார் கோட்டைச்சாமி கனிவாக. பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "வருத்தப்படாதீங்க. சாமான்ல குறையே இல்ல. ஆளில்லா விமானம்தான், ஆனா ஆளு நெறையப் பிடிக்குது. தூக்குறதுக்கு, விசில் ஊதுறதுக்கு, மருந்தடிக்கிறதுக்குன்னு பாதி ஊரு வேலை கெட்டுப்போச்சு. அடுத்த போகத்துக்கு ஆளோட வர்ற விமானமாவே அனுப்பிருங்க. அதுக்கு ஒரே ஆளு போதுமாமே?"

தினகரன் அழாத குறையாகக் கேட்டார். "அண்ணே, அது பஸ்ஸைவிடப் பெருசுண்ணே. அதை எப்படிண்ணே தூக்கிட்டு ஓடுவீங்க?"

நெட்டூரணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விமானத்தை இறக்காமலே ஒரு சின்ன ஆலோசனை நடந்தது. பிறகு மூக்கையா விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

"ஊரே சேர்ந்து பிடிச்சா தூக்கிரலாம் தம்பி. அப்படியும் கனத்துச்சுன்னா, ஓட்ட வந்தவரு உள்ள சும்மாத்தானே உக்காந்திருப்பாரு? அவரையும் எறங்கி ஒரு பக்கம் தோள் குடுக்கச் சொல்லிருவோம்."