குழவிக்கு அடியில்

நம்புகிறவர்கள் நம்பலாம். கோவையில் ஒரு கிரைண்டர் கம்பெனிக்கு வெள்ளிவிழா. மாலை போட்ட முதல் கிரைண்டரைக் காட்டி, "இந்தக் கல்லை என் கையாலயே கொத்தினேன்" என்றார் முதலாளி சென்னியப்பன்.

செத்துப்போன புருஷன் பேரைச் சொல்வார்கள் என்று காத்திருந்த, அங்கே கூட்டிப் பெருக்கும் குருவாத்தாள், விளக்குமாற்றை நிறுத்தினாள். "கொத்தினது எங்க வீட்டுக்காரருங்க."

"செத்தவன் வந்து சாட்சி சொல்வானா?"

"குழவிக்கு அடியில ஒரு பேரு கொத்தியிருக்கறதாச் சொன்னாருங்க. நீங்க கொத்தினதுன்னா, என்ன பேருன்னு சொல்லுங்க."

முதலாளி அசரவில்லை. "எங்க ஆத்தா பேருதான்!"

நாலு பேர் குழவியைப் புரட்டினார்கள். 'குருவாத்தாள்' என்றிருந்தது.

"உங்க ஆத்தாளும் குருவாத்தாளுங்களா?" என்றாள் அவள்.

கூட்டம் சிரித்த சிரிப்பில் மாலைப் பூவெல்லாம் உதிர்ந்தது. அவள் மட்டும் எழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவரு இருந்தவரைக்கும் 'ஏ புள்ள'ன்னுதானுங்க. ஒருக்காகூடப் பேர் சொல்லிக் கூப்பிடலீங்க."