இரண்டாம் பகுதியை வெட்டலாமா?

"இரண்டாம் பகுதியை வெட்டிடலாமா டீச்சர்?"

வந்தவர் இன்னும் செருப்பைக்கூட முழுதாகக் கழற்றவில்லை. கேள்வி முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டது.

குரு என்றால் மலைமேல் இருக்க வேண்டும் என்பார்கள். ரெபெக்கா டீச்சர் பெரம்பூரில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தார். ஏறி வரும் சீடருக்கு மூச்சு வாங்க வேண்டும் என்பது மட்டும் நிறைவேறியது.

வயதுக் கணக்கும் உதைத்தது. குருவுக்கு நாற்பது தாண்டவில்லை. சீடர் பிலவேந்திரனுக்கு ஐம்பது எப்போதோ போய்விட்டது. அவர் இவரை டீச்சர் என்பார், இவர் அவரை சார் என்பார். சிம்பொனி எழுதக் கற்றுக்கொள்ள அவர் இந்தப் படிகளில் பல வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறார்.

டீச்சர் காலையில்தான் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். ஒரு கன்னம் இட்லி மாதிரி உப்பியிருந்தது. வாய்க்குள் பஞ்சு. நாற்காலியைக் கையால் காட்டினார்.

பிலவேந்திரன் உட்கார்ந்து டீச்சரின் முகத்தையே பார்த்தார். ஊசி போட்டு மரத்துப்போன முகம். அதில் நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை.

"நீங்களும் நேத்து வந்திருந்தீங்களே. எப்படி இருந்துச்சு?"

டீச்சர் வாயைத் திறந்து பஞ்சைக் காட்டினார்.

நேற்று மாலை அவருடைய முதல் சிம்பொனி அரங்கேறியது. அதுவரை அவர் சினிமாவில் பிறர் போட்ட மெட்டுகளுக்கு வயலின் வரி எழுதிக் கொடுத்தே தலை நரைத்தவர். எந்தப் படத்திலும் அவர் பெயர் வந்ததில்லை. நேற்றுதான் ஒரு சுவரொட்டியில் தன் பெயரைத் தானே படித்துப் பார்த்தார். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷம் இடைவேளை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

வரும் சனிக்கிழமை பெங்களூரில் மறுபடியும் வாசிக்கிறார்கள். எதையாவது மாற்றுவதானால் இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். வாத்தியக் குழுவை நடத்தும் ஜோயல் அதற்குத்தான் காத்திருக்கிறார்.

"எல்லாரும் என்ன சொன்னாங்க?" பஞ்சுக்கு நடுவே டீச்சர் கேட்டார்.

கேட்டதுதான் தாமதம்.

"எங்க மியூசிக் டைரக்டர், 'முதல் பகுதி ஓகேய்யா, ரெண்டாவதைத் தூக்கிடு, தூக்கம் வருது'ன்னார். மச்சான் சத்தம் ஜாஸ்திங்கிறான். அவன் மகள் சத்தம் பத்தலைங்கிறா. ஒருத்தர், இதுல நம்ம ஊர் வாசனையே இல்லையேன்னு வருத்தப்பட்டார். இன்னொருத்தர், நம்ம ஊர் வாசனை தூக்கலா இருக்கு, இதுக்குப் பேரு சிம்பொனியான்னு கேட்டுட்டார்."

"ம்."

"இவங்களை விடுங்க. ஜோயலே காலையில போன் பண்ணி, 'ரெண்டாம் பகுதி நேத்து அப்படி ஆயிடுச்சே சார், என்ன பண்ணலாம்'கிறார். நடத்தினவரே இப்படிக் கேட்டா நான் என்ன செய்யறது?"

"நல்லதா யாருமே சொல்லலையா?"

"ஒரே ஒரு அம்மா. யாருன்னே தெரியாது. படிக்கட்டுல வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டாம் பகுதியில நடுவுல ஒரு இடம் வருதே சார், யாரோ பேச வந்துட்டுப் பேசாமலே நின்னுட்ட மாதிரி இருந்துச்சு, எங்க வீட்டுக்காரர் ஞாபகம் வந்துடுச்சுன்னாங்க. கண் கலங்கிடுச்சு அவங்களுக்கு."

"எந்த இடம் அது?"

"ஓபோ தனியா வாசிக்கிற இடமாத்தான் இருக்கும். அந்தப் பகுதிக்கு உசிரே அதுதானே."

ஓபோ என்பது நம் நாதஸ்வரத்துக்குச் சீமையில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி. அண்ணனைவிடக் குரல் சன்னம். அதற்கென்று ஒரு மெட்டு எழுத பிலவேந்திரன் ஒரு கோடை முழுவதையும் செலவழித்திருந்தார்.

"ஒரு அம்மா கலங்கினதுக்காக மத்த அத்தனை பேரையும் ஒதுக்க முடியுமா டீச்சர்? வெட்டிடறேன். அதான் சரி."

சரி என்று சொன்னாரே தவிர, எழுதியதில் அவருக்கு மிகவும் பிடித்தது அந்தப் பகுதிதான்.

டீச்சர் எழுந்து பியானோவின் முன் உட்கார்ந்தார். இரண்டாம் பகுதியின் நடுவிலிருந்து வாசித்தார். ஓபோவுக்கு அடியில் வயலின்கள் முணுமுணுக்க வேண்டிய வரி.

"நேத்து கேட்டதை மேல பாடுங்க."

பிலவேந்திரன் ஓபோவின் மெட்டைப் பாடினார்.

டீச்சர் தலையை ஆட்டினார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

"நேத்து கேட்டதை."

பிலவேந்திரன் இன்னும் உருக்கமாகப் பாடினார். கண்ணை மூடாமல் டீச்சரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினார்.

டீச்சர் தன் உதட்டில் விரலை வைத்தார்.

"சுருதி விலகுதா டீச்சர்?"

"இல்லை. நேத்து ஓபோ வரலை."

"வரலைன்னா?"

"அதுக்கு முன்னால அந்த ஓபோக்காரருக்கு வாசிக்காம இருக்க நீளமா ஓய்வு எழுதியிருக்கீங்க. விரல்ல தாளத்தை எண்ணிட்டே இருந்தார். எண்ணிக்கை தப்பிடுச்சு. எங்க நுழையறதுன்னு தெரியலை. ஓபோவை மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டார்."

"அப்போ அந்த இடத்துல?"

"வயலின் மட்டும் கீழ போயிட்டே இருந்துச்சு. மேல யாருமில்லை. அந்த அம்மா கேட்டது அதைத்தான்."

பிலவேந்திரனுக்குச் சட்டென்று வேறு ஒன்று விளங்கியது.

"நிகழ்ச்சி முடிஞ்சதும் அந்த ஓபோக்காரர் என்கிட்ட வந்தார் டீச்சர். கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிச்சுடுங்க சார்னார். என்ன ஒரு அடக்கம்னு நினைச்சுட்டேன். பிரமாதம், பெங்களூர்லயும் இதே மாதிரி வாசிங்கன்னு சொன்னேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. போயிட்டார்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அந்த நேரம் நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"அரங்குலதான். மேடைக்குப் பக்கத்துல, ஓரமா நின்னுட்டு இருந்தேன்."

"என்ன பண்ணிட்டு?"

பிலவேந்திரன் சட்டைப் பொத்தானைத் திருகினார்.

ரெக்கார்டிங் தியேட்டரில் ஒரு பழக்கம் உண்டு. வாத்தியங்கள் வாசிக்கத் தொடங்கியதும் வரி எழுதியவர் வாத்தியக்காரர்களைப் பார்க்க மாட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மியூசிக் டைரக்டரின் முகத்தைத்தான் பார்ப்பார். புருவம் ஏறினால் அந்த வரி தங்கும். உதடு பிதுங்கினால் அந்த நிமிடமே அடித்துவிட வேண்டும். பிலவேந்திரன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் பிழைத்தார்.

"எங்க மியூசிக் டைரக்டர் முன் வரிசையில உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துட்டு இருந்தேன்."

"முழுக்கவா?"

"நடுநடுவுல மச்சான் முகத்தையும் பார்த்தேன்."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்புவதாகத் தெரியவில்லை.

பிலவேந்திரன் நாற்காலியை பியானோவுக்கு அருகே இழுத்துப் போட்டார்.

"யார் சொன்னதையும் விடுங்க டீச்சர். உங்களுக்கு எப்படி இருந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க. நீங்க வேண்டாம்னா வெட்டறேன், வேணும்னா வெச்சுக்கறேன்."

டீச்சர் பஞ்சை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். இந்தக் கேள்விக்குப் பஞ்சோடு பதில் சொல்ல முடியாது.

"நேத்து அத்தனை பேரும் கேட்டோம் சார். கேட்காத ஒரே ஆள் நீங்க. நீங்க வெட்டப் போறீங்க."



டீச்சர் அந்த வயலின் வரியைத் திரும்ப வாசிக்கத் தொடங்கினார். மேலே யாருமில்லை. பிலவேந்திரன் பாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, டீச்சரின் முகத்திலிருந்து கண்ணை எடுத்துத் தலையைக் குனிந்துகொண்டார். வரி முடிந்தும் நிமிரவில்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஜோயல், ரெண்டாம் பகுதி அப்படியே இருக்கட்டும். அந்த ஓபோக்காரர்கிட்ட நான் பேசறேன்."

"சரி சார். யாராவது நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?"

"அதுக்காக இல்லைப்பா. நான்தான் இன்னும் அதைக் கேட்கலை."